புறப்பட்டுவிட்ட தந்தி

இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு மிக விநோதமாகப் பட்ட சொல் 'கேன்சல்'. சிராங்கூன் ரோட்டுக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து மேசைக்காரர் தே ஒன்று கேட்பார். கடைக்காரர் சாயத்தில் பாலை ஊற்றி ஆற்றத் தொடங்கியிருப்பார். அதற்குள் இவருக்கு மனம் மாறிவிடும். "அண்ணே, தே கேன்சல் லா! கோப்பி ஓ குடுங்க" என்று குரல் கொடுப்பார். கடைக்காரர் முகம் கோணாமல் அந்தத் தேயை வேறு யாருக்காவது நீட்டிவிட்டுக் கறுப்புக் காப்பி கலக்கப் போய்விடுவார். திருச்சி பாலக்கரையில் டீ சொல்லிவிட்டு வேண்டாம் என்றால் மாஸ்டர் நம் பரம்பரையையே இழுத்துப் பேசுவார். இங்கே சினிமாவுக்குப் போவதாகச் சொன்னதைக் கேன்சல் செய்கிறார்கள். டாக்ஸியைக் கேன்சல் செய்கிறார்கள். நிச்சயம் செய்த கல்யாணத்தைக்கூட அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். எதையும் சொல்லிவிட்டு, சொல்லாதது போல ஆக்கிக்கொள்ளலாம் என்று இந்த ஊர் நம்புவதாக அப்போது நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

போன வாரம் அலுவலகத்தில் ஒரு சம்பவம். புதிதாக வந்திருக்கும் ஃபாக்ஸ் மெஷினில் ஒரு சீனப் பெண் விலைப்பட்டியலைத் தவறான கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். "மிஸ்டர் ஆரோ, இதை எப்படித் திரும்ப எடுக்கிறது?" என்று பதறிக்கொண்டு ஓடிவந்தாள். ஆரோக்கியம் என்ற என் பெயர் இந்த ஊரில் ஆரோ. காகிதம் அவள் கையிலேயே இருந்தது. எழுத்து மட்டும் போய்விட்டிருந்தது. பிறகு அவளே 'முன்னால் அனுப்பியதைப் பொருட்படுத்த வேண்டாம்' என்று இன்னொரு தாளை அனுப்பிவிட்டு, நாக்கைக் கடித்துச் சிரித்துக்கொண்டு இருக்கைக்குப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும், என்னைப் போலக் கடல் தாண்டி வந்தவர்களுக்கும் அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஜூரோங்கில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில், ஆட்களை வேலைக்கு விடும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் நான் டைம்கீப்பராக இருந்தேன். யார் எந்த ஷிப்டு, யாருக்கு ஓவர்டைம் என்று பார்ப்பது என் வேலை. எங்கள் ஆட்களில் இரண்டு செல்வராஜ் இருந்தார்கள். ஒருவன் ரெங்கசாமி மகன், மற்றவன் ராமசாமி மகன். ஆங்கிலத்தில் எழுதினால் இருவருமே ஆர். செல்வராஜ். நாங்கள் அவர்களைப் புதுக்கோட்டையான், மன்னார்குடியான் என்று பிரித்துக் கூப்பிடுவோம். சீன மேற்பார்வையாளர்களுக்கு இருவரும் வெறும் செல்வராஜ்தான். புதுக்கோட்டையான் கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவன். வாய் ஓயாது. பெண்டாட்டி சரோஜாவின் போட்டோவைக் காட்டாத ஆள் அந்தத் தளத்திலேயே கிடையாது. மன்னார்குடியான் அவனைவிட மூத்தவன், அதிகம் பேசமாட்டான். ஊரில் மனைவி தனலெட்சுமியும் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தையும். விடுதி வாசலில் கன்னாபின்னாவென்று கிடக்கும் எல்லோருடைய செருப்புகளையும் வேலைக்குக் கிளம்பும்முன் ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்துவிட்டுப் போவான். யாரும் அவனைச் செய்யச் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை முற்பகலில் மேற்பார்வையாளர் லிம் என் அறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "ஆரோ, செல்வராஜ் நோ மோர்" என்றார். இந்த ஊரில் 'நோ மோர்' என்பதைத் தினமும் கேட்கிறோம். கேன்டீனில் மீன் தீர்ந்தால் நோ மோர். கடையில் சோப்பு தீர்ந்தால் நோ மோர். நான் தலையை நிமிர்த்தாமலே, "எங்கே போனான்? யாரிடம் சொல்லிவிட்டுப் போனான்?" என்று கேட்டேன். லிம் பதில் சொல்லாததால்தான் நிமிர்ந்தேன். கண்கள் சிவந்திருந்தன. எண்ணெய்க் கப்பலின் தொட்டிக்குள் சாரத்திலிருந்து விழுந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டான். கூட வேலை செய்தவர்கள் "செல்வராஜ் விழுந்துட்டான்" என்று கத்தியிருக்கிறார்கள். எந்தச் செல்வராஜ் என்று அவர்கள் சொல்லவில்லை, கண்ணெதிரே பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லத் தோன்றவுமில்லை. அன்று காலை ஷிப்டில் போட்டிருந்தது புதுக்கோட்டையானை. அதற்கு மேல் லிம்முக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

லிம்மே தன் காரில் என்னை நகரத்துத் தந்தி நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அவர் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய் ஆலங்குடிப் பக்கத்திலுள்ள புதுக்கோட்டையானின் கிராமத்து முகவரியை எழுதி, ஆங்கிலத்தில் 'செல்வராஜ் எக்ஸ்பயர்ட் ஆக்சிடென்ட். லெட்டர் ஃபாலோஸ்' என்று எழுதிக் கொடுத்தேன். கவுன்டரில் கண்ணாடி போட்ட மலாய்க்காரப் பெண். எழுத்தெழுத்தாகப் படித்துச் சரிபார்த்துவிட்டு, "ஐ யம் சாரி" என்று மெதுவாகச் சொன்னாள். போட்டோவில் மட்டும் பார்த்திருந்த சரோஜாவின் முகம் கண்முன் நின்றது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கேமராவைப் பார்க்கும் முகம்.

அப்போது நான் டன்லப் தெருவில் ஒரு மாடியறையில் இருந்தேன். படியேற மனம் வரவில்லை. முனையிலிருந்த காப்பிக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமைக் கூட்டம் சேரத் தொடங்கியது. பூக்கடைகளில் சரம் தொடுக்கிறார்கள். ஐந்தடி நடைபாதையில் சட்டைத்துணி விற்கிறவன் கூவுகிறான். ஊரிலிருந்து வந்த பையன்கள் தலை வாரிப் பவுடர் போட்டுக்கொண்டு கும்பல் கும்பலாகப் போகிறார்கள். அவர்களில் ஒவ்வொருவனுக்கும் இங்கே ஒன்று ஆனால் ஊரில் யாருக்குத் தந்தி போகும் என்று கணக்குப் போட்டபடி இருந்தேன். பொழுது சாயும் நேரம், தோளில் ஒரு கை விழுந்தது.

"என்னண்ணே, மொகம் தொங்கிப் போயிருக்கு? இன்னிக்கு ஓவர்டைம் இல்லையா?"

புதுக்கோட்டையான். கையில் ஒரு கொத்து ரம்புத்தான் பழம். "பாசிர் ரிஸ் கம்பத்துல எங்க மாமா ஒருத்தரு இருக்காருன்னேன்ல, அவரு வீட்டுக்குப் போயிருந்தேன். மரத்துல பறிச்சது, சாப்புடுங்க" என்று மேசையில் வைத்தான். இங்கே கம்பம் என்றால் கிராமம்.

நான் அவன் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தன. ஒரு கணம், அந்த ஒரே ஒரு கணம், எனக்கு உண்டான சந்தோஷத்தை இன்றுவரை வேறு எதிலும் அடைந்ததில்லை. "டேய், நீ வேலைக்குப் போகலையா?" என்றேன்.

"இல்லண்ணே. மன்னார்குடியான் எனக்காகப் போனான். நாளைக்கு அவனுக்காக நான் போறேன்னு பேச்சு. ஏன், லிம் ஏதும் திட்டுனானா?"

அவன் என் முகத்தையே பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான் சொல்லச் சொல்ல, எதிர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான். அழவில்லை. "எந்தத் தொட்டிண்ணே?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன். "அந்தச் சாரம் ஆடுதுன்னு அவன்கிட்ட நேத்து நாந்தான் சொன்னேன்" என்றான். திடீரென்று எழுந்தான். "அண்ணே, எங்க வீட்டுக்குத் தந்தி அடிச்சிட்டீங்களா?"

டாக்ஸியில் போகும்போது அவன் முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான், அவன் தள்ளினால் வண்டி இன்னும் வேகமாகப் போகும் என்பது போல. கவுன்டரில் அதே மலாய்க்காரப் பெண் இருந்தாள். "மத்தியானம் கொடுத்த தந்தியைத் திரும்ப வாங்க வேண்டும்" என்றேன். போய்ச் சேரவில்லை என்று புகார் சொல்ல வந்திருப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள். இந்தியாவில் கிராமத்துக்கென்றால் தாமதமாகும், பொறுமையாக இருங்கள், கண்டிப்பாகப் போய்ச் சேரும் என்று ஆறுதல் சொன்னாள். "போய்ச் சேரக் கூடாது!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற செல்வராஜைக் காட்டி, "தந்தியில் இறந்துபோனதாக எழுதியிருந்தேனே, அது இந்த ஆள்தான்" என்றேன். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் அவளைப் பார்த்துக் கைகூப்பினான். அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் "யா அல்லா" என்றபடி எழுந்து உள்ளே ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவள் முகத்திலிருந்தே தெரிந்துவிட்டது. தந்தி மெட்ராசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பெற்றுக்கொண்டதாக அங்கிருந்து பதிலும் வந்துவிட்டது. வழியில் எங்காவது நிறுத்தும்படி கேட்டு அடுத்த நிலையங்களுக்கு ஒரு செய்தி அனுப்பலாம், ஆனால் அது முந்தியதைப் பிடிக்குமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். அனுப்பினோம். வீட்டுக்கே மறுப்புத் தந்தியும் ஒன்று கொடுக்க வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோதுதான் அதிலிருந்த இக்கட்டு புலப்பட்டது. இரண்டில் எது முதலில் போகும்? 'செல்வராஜ் நலம்' என்று முதலில் போய், பின்னால் 'செல்வராஜ் இறந்தான்' என்று போனால்? நலமாக இருந்தவன் அதற்குப் பிறகு செத்தான் என்றுதானே நினைப்பார்கள்? எப்படி எழுதினாலும் ஒரு பக்கம் இடித்தது. அது மட்டுமல்ல. அழுதுகொண்டிருக்கும் வீட்டில் ஆறுதலுக்காக யாரோ பொய்த் தந்தி அடித்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டால்?

"நீ அனுப்பினதுதான்னு சரோஜாவுக்குத் தெரியற மாதிரி ஒரு வார்த்தை சொல்லு. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது" என்றேன்.

அந்த நிலையிலும் அவனுக்கு வெட்கம் வந்தது. தரையைப் பார்த்தான். "எலிவாலுன்னு கூப்புடுவேண்ணே. சடை ஒல்லியா இருக்கும்" என்றான்.

'எந்தத் தந்தி வந்தாலும் நம்பாதே. நான் உயிரோடு இருக்கிறேன். எலிவாலு' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தோம். கவுன்டர் பெண் கடைசிச் சொல்லில் நின்றாள். "இது என்ன, கம்பெனி கோட் வேர்டா?" "ஆமாம்" என்றேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவன் அந்த ஆங்கில எழுத்துகளைச் செபம் போலக் கூடவே முணுமுணுத்தான்.

அத்தோடு முடியவில்லை. மன்னார்குடிக்கு அனுப்ப வேண்டியது பாக்கி இருந்தது. நான் இன்னொரு தாளை எடுத்தேன். அந்தப் பெண் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, மிகவும் தயங்கி, "அதே வார்த்தைகள்தானா? ஊர் மட்டும் வேறா?" என்று கேட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவள் வேலை அது. ஆனால் எனக்குக் கை ஓடவில்லை. ஒரு வீட்டிலிருந்து சாவைத் தூக்கி இன்னொரு வீட்டில் போடுவதற்குத்தான் இவ்வளவு அவசரமாக டாக்ஸி பிடித்து வந்தோமா என்று இருந்தது. எழுதி முடித்ததும் செல்வராஜ் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, இத நாளைக்கு அனுப்புவோம். இன்னிக்கு ஒரு ராத்திரியாவது அவங்க தூங்கட்டும்ணே."

"அடக்கம் எப்படின்னு வீட்டுல கேக்கணும்டா. சொல்லாம எப்படிக் கேக்கறது?"

"அனுப்பிட்டா அவன் செத்துருவான்ணே."

அவன் விரல்களிலிருந்து தாளை நான் இழுக்க வேண்டியிருந்தது. ஓரம் கிழிந்துவிட்டது. கிழிந்த தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். இருட்டிவிட்டது. எந்தப் பக்கம் நடப்பதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நடந்ததெல்லாம் பிறகு கடிதங்களில் தெரிந்தது. நிறுத்தச் சொன்ன செய்தி எதையும் நிறுத்தவில்லை. முதல் தந்தி ஆலங்குடிக்குப் போய், அங்கிருந்து சைக்கிளில் கிராமத்துக்கும் போய்விட்டது. சரோஜாவின் வளையல்களை உடைத்துவிட்டார்கள். மற்றச் சடங்குகளைச் சொந்தக்காரர்கள் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த நேரத்தில் இரண்டாவது தந்தி வந்திருக்கிறது. படித்துச் சொன்ன தபால்காரருக்குக் கடைசிச் சொல் என்ன பாஷை என்றே விளங்கவில்லை. 'எலி... எலிவா...' என்று அவர் தடுமாறியதும், மூலையில் கிடந்த சரோஜா எழுந்து ஓடிவந்து தந்தியைப் பிடுங்கிக்கொண்டாளாம். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் ஒரு சத்தம் போட்டாளாம்.

மன்னார்குடியானின் உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லை. குடும்பத்துப் பெரியவர் சம்மதம் சொல்லித் தந்தி கொடுக்க, இங்கேயே தகனம் செய்து சாம்பலைக் கடலில் கரைத்தோம். விடுதி ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். லிம்மும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஓரமாக நின்றார். எனக்கு அதோடு முடியும் என்றுதான் பட்டது. ஆனால் சில வாரங்களில் தனலெட்சுமியிடமிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. குழந்தையைவிட்டு எழுதச் சொல்லியிருக்க வேண்டும், எழுத்து உருண்டை உருண்டையாக இருந்தது. 'அங்கே இரண்டு செல்வராஜ் இருப்பதாகவும், ஒருவர் வீட்டுக்குத் தவறாகத் தந்தி போய், அப்புறம் உயிரோடு இருப்பதாகச் சரியான தந்தி வந்ததாகவும் ஆள் எடுத்து அனுப்பிய ஏஜென்ட் சொன்னார். எங்களுக்கும் அப்படி ஒன்று வரும் என்று இருக்கிறோம். தாமதமானாலும் பரவாயில்லை, நன்றாக விசாரித்து அனுப்புங்கள்' என்று இருந்தது.

நான் எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். மரியாதையாக, தெளிவாக, ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதினேன். அதற்கும் பதில் வந்தது, இன்னும் ஒருமுறை விசாரிக்கச் சொல்லி. தகனத்தில் எடுத்த போட்டோவை அனுப்பலாம் என்றார்கள் சிலர். எனக்கு மனம் வரவில்லை. ஒரு தந்தியை நான் திரும்பப் பெற்றுவிட்டேன். அதனாலேயே அடுத்த தந்தியை அவளால் நம்ப முடியவில்லை. முடியாத காரியத்தை ஒருமுறை முடித்துக் காட்டியவனிடம் இன்னொரு முறை கேட்கிறாள். தப்பு என்று எப்படிச் சொல்வேன்? தினமும் ஜூரோங்குக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் கடிதத்துக்கான பதிலை மனதுக்குள் எழுதிக்கொண்டே போவேன். இறங்கும் இடம் வந்துவிடும், பதில் வந்திருக்காது.

அடுத்த வருடம் லீவில் ஊருக்குக் கப்பலேறிய செல்வராஜ், இறந்தவனின் பெட்டியைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னான். நேரில் போனால் நம்பிவிடுவார்கள் என்று இருவருமே நினைத்தோம். திரும்பி வந்த பிறகு அதே டன்லப் தெருக் காப்பிக்கடையில்தான் சொன்னான்.

"வாசல்ல ஒரு பொண்ணு நொண்டி வெளையாடிக்கிட்டிருந்துச்சுண்ணே. அம்மா இருக்காங்களா, சிங்கப்பூர்லேருந்து செல்வராஜ் வந்திருக்கேன்னு சொல்லுன்னேன். புத்தி கெட்டவன், பேரச் சொல்லிட்டேன். அது என் மொகத்தக்கூடப் பாக்கல. 'அம்மா, அப்பா வந்தாச்சு'ன்னு உள்ள ஓடுது. அவங்க மாவுக் கையோட ஓடியாந்தாங்க. என்னப் பாத்தாங்க. அப்புறம் எனக்குப் பின்னாடி தெருவப் பாத்தாங்கண்ணே. 'அவரு பின்னால வர்றாரா?'ன்னாங்க."

பெட்டியை வைத்துவிட்டு நின்றிருக்கிறான். நீங்கள்தான் அந்த இன்னொரு செல்வராஜா என்று கேட்டிருக்கிறாள். உட்காரச் சொல்லி மோர் கொடுத்திருக்கிறாள். அன்று வேலைக்குப் போயிருக்க வேண்டியவன் தான்தான் என்பதையும் அவனே சொல்லியிருக்கிறான். அவள் அதற்கு, உங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாவது தந்தியில் என்ன எழுதியிருந்தது என்றுதான் கேட்டாளாம்.

"உயிரோட இருக்கேன்னு இருந்துச்சுன்னேன். 'அவ்வளவுதானா'ன்னாங்க. அந்த இன்னொரு வார்த்தைய என்னால சொல்ல முடியலண்ணே. 'ஆமா, அவ்வளவுதான்'னேன்."

"சரோஜா உன்னை எப்படித் திரும்ப விட்டுச்சு?" என்று கேட்டேன்.

"விடல. நாந்தான் வந்தேன். அங்க இருக்க முடியல. செத்துப் பொழச்சவன்னு தெருவுல போறவங்கல்லாம் தொட்டுத் தொட்டுப் பாக்குறாங்க. இங்க வந்தா அவன் கட்டில் காலியாக் கெடக்கு. எங்கண்ணே போவ?"

தளத்தில் அதற்குப் பிறகு ஒரே ஒரு ஆர். செல்வராஜ்தான். ஆனால் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அப்பா பெயரைச் சொல்லி ரெங்கசாமி என்று கூப்பிடச் சொன்னான். அப்படியே பழகிவிட்டோம். சில வருடங்களில் வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டான். தனலெட்சுமியின் கடிதங்கள் நிற்கவில்லை, இடைவெளிதான் கூடிக்கொண்டு போனது. கடைசியாக வந்ததில் மகள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள் என்று மட்டும் இருந்தது. விசாரிக்கச் சொல்லவில்லை. அதைப் படித்தபோது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிறகு நானும் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, அங் மோ கியோவில் எட்டாம் மாடியில் அடுக்குமாடி வீடு வாங்கி, குடியுரிமைக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி ரீட்டாவும் பிள்ளைகளும் பூசைக்குப் போயிருந்தார்கள். எனக்கு லேசான காய்ச்சல், வீட்டில் இருந்தேன். மணி அடித்தது. கதவைத் திறந்தால் தந்தி. திருச்சியிலிருந்து தம்பி கொடுத்திருந்தான். 'மதர் எக்ஸ்பயர்ட்.' கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அழுகை வரவில்லை. விமானத்துக்கு ஓட வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஓடினாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது. நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பொது நடைபாதையில் யாரோ துணி காயப்போட்டார்கள். லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்தேன். பாலக்கரையில் எத்தனை அம்மாக்கள், எத்தனை ஆரோக்கியங்கள். தம்பி அவசரக்காரன்.

ரீட்டா திரும்பி வந்தபோது வெயில் வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது.

"என்னங்க, கதவத் தொறந்து போட்டுட்டு உக்காந்திருக்கீங்க? யாராச்சும் வர்றாங்களா?"

"இன்னொரு தந்தி வரணும்" என்றேன்.

அவள் என் மடியில் கிடந்த தாளை எடுத்துப் படித்தாள். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். அந்நேரம் பாலக்கரைக் கோயிலில் துக்க மணி அடித்து, அம்மாவைக் கல்லறைக்கு எடுத்துப் போயிருப்பார்கள். தம்பி முதல் பிடி மண்ணைப் போட்டிருப்பான். இங்கே எட்டாம் மாடியில், அம்மா இன்னும் சாகவில்லை. கதவு திறந்தே இருந்தது.